கைப்பிடிச் சுவரில் ஏழு ஜாடிகள்

1

சென்ற ஐப்பசியில், பாரிஸின் வடக்குப் புறநகரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் குளியலறைச் சுவருக்குள் ஒரு குழாய் ஓசையின்றிக் கசிந்தது. கீழ்வீட்டு அம்மையாரின் உட்கூரையில் பழுப்பு நிறத்தில் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு வட்டம் விழுந்தது. அந்த வட்டத்துக்கு இப்போது ஓராண்டு நிறைகிறது.

அதைப் பற்றிச் சென்ற ஆண்டே இப்பக்கங்களில் எழுதியிருந்தேன். அந்த அம்மையார் சினந்து பேசவில்லை. ஒரு படிவத்துடன் மாடியேறி வந்தார். என் மனைவி போட்டுக் கொடுத்த இஞ்சித் தேநீரைப் பருகியவாறே இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, எங்கிருந்து கசிந்தது, எதை நனைத்தது என்று எழுதிக் கையொப்பமிட்டோம். ஆளுக்கொரு நகல். இங்கே வீட்டுக்கு எடுக்கும் காப்பீடு நம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நம்மால் பிறர் உடைமைக்குத் தற்செயலாக நேரும் சேதத்தையும் அதுவே ஏற்றுக்கொள்ளும். நிபுணர் ஒருவர் வந்தார். "நான் பார்க்கும்வரை எதிலும் கை வைக்காதீர்கள்" என்று முன்னரே சொல்லி அனுப்பியிருந்தார். வந்து, ஒரு கருவியைச் சுவரில் ஒட்டிவைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். சில வாரங்களில் அம்மையாரின் கூரை வெள்ளையாயிற்று. கிறிஸ்துமஸுக்கு அவர் எங்களுக்குக் கேக் கொண்டுவந்தார்.

நம் ஊரில் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். அதை ஒப்பிட்டு, "இந்நாட்டார் தவறுக்கும் பகைக்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்திருக்கிறார்கள்" என்று அன்று எழுதினேன். அந்த வரி நன்றாக இருந்ததாகச் சிலர் கடிதம் போட்டார்கள்.

அந்த வரியைத் திருத்துவதற்காகவே இன்று எழுதுகிறேன். எழுதும் இடம் பாரிஸ் அன்று, புதுச்சேரி. எங்கள் சொந்த வீட்டுக்கு எதிர்ப்புறம், தெருவோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். கண்ணில் பாதி காகிதத்தில் இருக்கிறது. மறுபாதி மேலே இருக்கிறது.

2

மேலே இருப்பவை ஜாடிகள்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நகரின் தெற்குப் பகுதியில் உள்ளது எங்கள் வீடு. என் தகப்பனார் காலத்துச் செங்கல். சாந்து முழுவதும் சுண்ணாம்பு. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் தெருக்களில் மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக ஜாடிகள் இருப்பதை வாசகர் அறிவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சைக்கிளில் ரொட்டி கொண்டுபோய்ப் போட்ட வயதில் அவற்றை அண்ணாந்து பார்த்தே சென்றிருக்கிறேன். பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகள் பிரான்சில் அஞ்சல் பிரிக்கும் கூடத்தில் நின்று வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற ஆண்டில், எங்கள் வீட்டின் மேலும் அப்படி எட்டு ஜாடிகள் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

கட்டியவர் முதலியார்பேட்டைப் பெருமாள் கொத்தனார். நான் பாரிஸிலிருந்து படம் அனுப்பினேன். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, இது சுண்ணாம்புச் செவுரு. தலையில இவ்ளோ பாரம் ஏத்தக் கூடாது. ரெண்டு வைக்கிறேன், வாசப்பக்கம். பாக்க அம்சமா இருக்கும்."

"படத்துல எத்தன இருக்கு பெருமாள்?"

"எட்டு இருக்குது."

"அப்ப எட்டு வைங்க."

"வைக்கிறேன். நாளைக்கு என்னக் குத்தம் சொல்லக் கூடாது."

தெருப்பக்கம் இடம் போதவில்லை. ஆகவே எட்டையும் பக்கவாட்டுச் சுவரில், தெருமுனையிலிருந்து வருவோர் கண்ணில் படுமாறு வரிசையாக வைத்தார். கழுத்துயரச் சிமெண்டு ஜாடிகள். இருவர் சேர்ந்தாலும் ஒன்றைத் தூக்க இயலாது. புகைப்படம் வந்தபோது அதைப் பெரிதாக அச்சிட்டு பாரிஸ் வீட்டின் கூடத்தில் மாட்டினேன்.

அந்தப் பக்கவாட்டுச் சுவரின் கீழே சலீம் பாயின் தகரக்கொட்டகை. அங்கேதான் அவர் சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் உறை தைக்கிறார். அவருடைய மனைவி மும்தாஜ் தையல் இயந்திரத்தில். அவர் சுத்தியும் ஆணியுமாகத் தரையில். எங்கள் வீட்டுச் சாவி இருபது ஆண்டுகளாக அவர்களிடமே இருக்கிறது.

3

ஆவணி மாதத்தில் மும்தாஜிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது.

மாடியில் வடிகால் அடைத்திருந்த சருகை அள்ளப் போனவள், ஜாடி வரிசைக்குக் கீழே சுவரில் நீளவாக்கில் ஒரு விரிசலைக் கண்டிருக்கிறாள். சற்றும் கூச்சலிடாமல், தையற்காரிக்குத் தெரிந்த வேலையைச் செய்திருக்கிறாள். நடு ஜாடியின் கழுத்தில் கெட்டி நூலைக் கட்டி, அதன் நுனியில் இயந்திரத்தில் அடிநூல் சுற்றும் இரும்பு பாபினைத் தொங்கவிட்டிருந்தாள். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடைவெளியில் நூல் இறங்கி, தரைக்கு ஒரு விரற்கடை மேலே பாபின் நின்றது. அதற்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், துணியில் கோடிடும் சாக்கட்டியால் ஒரு கோடு. அதற்கு அப்பால் இன்னொரு கோடு.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? அண்ணி நல்லா இருக்காங்களா? இத பாருங்க. போன வெள்ளிக்கெழம நூலு இங்க நின்னுச்சு. இன்னிக்கு இங்க நிக்குது. காத்துல ஆடுதோன்னு ரெண்டு தடவ பாத்துட்டேன். காத்து இல்ல. செவுருதான் எங்க பக்கம் வருது."

பின்னால் சலீம் பாயின் குரலும் கேட்டது. "விருந்துக்கு வருதுன்னு சொல்லு." இருவரும் சிரித்தார்கள்.

நான் பார்த்தேன். முழுவதும் பார்த்தேன். இரண்டு கோடுகளுக்கும் இடையே ஒரு நெல் நீளம் இருக்கும். அவ்வளவுதானே என்று தோன்றிற்று. மழைக்காலத்துக்கு முன் பெருமாளை அழைக்கவேண்டும் என்றும் தோன்றிற்று. கூடவே, இதையும் மறைக்காமல் எழுதவேண்டும்: விழுந்தாலும் காப்பீடு இருக்கிறது என்று தோன்றிற்று. கீழ்வீட்டு அம்மையாரின் வெள்ளைக் கூரை என் கண்முன் வந்தது.

பதிலாக, கூப்பிய கைகளின் சிறு படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் கைப்பேசியை மூடினேன்.

4

புரட்டாசியில், ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், வரிசையின் கோடியில் இருந்த ஜாடி விழுந்தது.

சலீம் பாய் பள்ளிவாசலில் இருந்தார். மும்தாஜ் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஜாடி தகரத்தைப் பிளந்து, தையல் இயந்திரத்தின் மேசையை இரண்டாக்கி, ரெக்சின் சுருள்களுக்குள் புதைந்து நின்றது. அவள் நாள் முழுவதும் அமரும் முக்காலி அடியில் நசுங்கியிருந்தது. புகைப்படத்தில் அந்த முக்காலியை அடையாளம் காண எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

நானே அழைத்தேன். சலீம் பாய் எடுத்தார்.

"ஒண்ணும் ஆவல அண்ணே. ஆண்டவன் அவள சோத்துப் பானைகிட்ட நிக்க வச்சான். மேச போச்சு, மிசினு தப்பிச்சுது. விடுங்க. மீதி ஏழு இருக்குதே, அத மட்டும் பெருமாள உட்டு இறக்கிடலாமா? அவரு நாளைக்கே வரேன்றாரு."

வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று படிக்கவேண்டும். நாளைக்கே வருகிறேன் என்று பெருமாள் சொன்னார். வானம் வெளுத்திருந்தது. சுவர் காய்ந்திருந்தது.

நான் சொன்னது இது: "இறக்காதீங்க பாய். எதையும் தொடாதீங்க. அசூரான்ஸுக்கு, அதான் இன்ஷூரன்ஸுக்கு, எழுதப் போறேன். எக்ஸ்பெர்ட் வந்து பாக்குற வரைக்கும் இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கணும். அதான் முறை. உங்க சேதம் எல்லாத்துக்கும் நியாயம் கிடைக்கும்."

"வெளிநாட்டு எக்ஸ்பெர்ட்டா?"

"இங்கிருந்து ஏற்பாடு பண்ணுவாங்க."

"சரிண்ணே. நீங்க சொன்னா சரி."

முறை தெரிந்தவன் என்ற பெருமிதத்துடன் பேசினேன். பிரான்சில் நான் கற்ற ஒழுங்கு ஒன்றை என் ஊருக்குக் கொண்டுசெல்வதாகவே அன்று நம்பினேன். நனைந்த உட்கூரை எவர் தலையிலும் விழப்போவதில்லை. ஆதலால் அது நிபுணருக்காகக் காத்திருக்கலாம். இந்தச் சிறு வேறுபாடு எனக்குப் புலப்படவில்லை.

ஏழு ஜாடிகளின் கீழே மேசைக்கு முட்டுக் கொடுத்து, பழைய பெட்டியொன்றை முக்காலியாகப் போட்டுக்கொண்டு, மும்தாஜ் தைக்கத் தொடங்கினாள். தீபாவளிக்கு முன் முடித்துத் தரவேண்டிய சோபா உறைகள் நிறைய இருந்தன.

5

படிவத்தை இணையத்தில் நிரப்பவேண்டும். எனக்கு அது கைவராது. ஞாயிற்றுக்கிழமை என் மகள் வசந்தியின் வீட்டுக்குச் சென்றேன். அவள் பிரான்சில் பிறந்தவள். அலுவலகம் ஒன்றில் பொறுப்பான பணியில் இருக்கிறாள். தமிழை என்னிடம் மட்டும் பேசுகிறாள். அதையும் வாடகைக்கு எடுத்த பாத்திரம்போலக் கவனமாகக் கையாள்வாள்.

அவள் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள், நான் பதில் சொன்னேன். சேதம் நேர்ந்த நாள், இடம், பிறருடைய எப்பொருள், எங்ஙனம். ஒரு கேள்வியில், சேதம் விளைவித்த பொருளின் பழுது தங்களுக்கு முன்னரே தெரியுமா என்று இருந்தது.

"இல்லைன்னு போடும்மா."

போட்டாள். பின்னர் புகைப்படங்களை இணைக்க என் கைப்பேசியை வாங்கினாள். படங்களைத் தேடி மேலே தள்ளிக்கொண்டே போனவளின் விரல் நின்றது. மும்தாஜின் குரல் அறையில் ஒலித்தது. "செவுருதான் எங்க பக்கம் வருது." சிரிப்பு. 

"பப்பா, இது விழுறதுக்கு முன்னாடி."

அவள் திரையை இன்னும் சற்றுத் தள்ளினாள்.

"நீங்க பாத்து இருக்கீங்க. கீழ கும்பிடு போட்டு இருக்கீங்க."

"அது சும்மா, ஒரு மரியாதைக்கு."

"தெரிஞ்சு இருந்தா அது அக்சிதான் இல்ல, பப்பா." விபத்து என்னும் தமிழ்ச் சொல் அவளுக்கு வாயில் வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், கணினிச் சுட்டெலியை மேசைமீது என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். "நீங்களே பண்ணுங்க."

 என்னைப் பொய்யன் என்று ஏசியிருந்தால் நான் கோபித்துக்கொண்டு தப்பியிருப்பேன். பேரன் அடுத்த அறையில் எனக்குப் புரியாத வேகத்தில் பிரெஞ்சு பேசி விளையாடிக்கொண்டிருந்தான். "இல்லை" என்ற கட்டத்தில் குறி அப்படியே இருந்தது. நான் சுட்டெலியைத் தொடவில்லை. சற்று நேரம் கழித்து அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, படிவத்தை அனுப்பிவிட்டு, "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். பிறந்து வளர்ந்த நாட்டில் அவள் ஊன்றிவிட்டாள் என்பதும், நான் இன்னும் வாசலில் நிற்கிறேன் என்பதும் அன்று எனக்குத் தெரிந்தன.

6

ஐப்பசி பிறந்தது. புதுச்சேரியில் மழை தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. நிறுவனத்திலிருந்து தகவல் வந்தபாடில்லை. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மும்தாஜ் ஒரு காணொளி அனுப்பினாள். பேச்சு இல்லை, தரை மட்டும். சாக்கட்டிக் கோடுகள் ஆறாயின, எட்டாயின. முதலில் நெல் நீளமாக இருந்த இடைவெளி பிறகு விரல் அகலமாயிற்று. ஒவ்வொன்றையும் பார்த்தேன். கூப்பிய கை அனுப்ப எனக்கு இப்போது அச்சமாக இருந்தது. எதுவும் அனுப்பாதிருக்கவும் அச்சமாக இருந்தது. கூடத்தில் மாட்டியிருந்த எட்டு ஜாடிப் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மிகவும் பண்பான கடிதம். காப்பீடு பாரிஸ் புறநகர் வீட்டுக்கு உரியது. வேறு நாட்டில் தாங்கள் உடைமையாளராக உள்ள கட்டடத்தால் பிறருக்கு நேரும் சேதம் இதில் அடங்காது. ஆதலால் நிபுணர் எவரையும் அனுப்ப இயலாமைக்கு வருந்துகிறோம். நான் அஞ்சிய கேள்விக்கு அவர்கள் வரவே இல்லை. என் "இல்லை" என்பதை எவரேனும் படித்தார்களா என்பதும் ஐயமே. ஒரு பொய்யை எழுதியும், அதைக் கேட்பதற்குக்கூட ஆளின்றிப் போயிற்று.

உடனே அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை சலீம் பாய் எடுத்தார். தகரத்தின்மேல் மழை பெய்யும் ஓசையில் அவர் கத்திப் பேசினார்.

"எக்ஸ்பெர்ட்டு வராரா அண்ணே?"

"யாரும் வரமாட்டாங்க பாய். கொட்டகைய உடனே காலி பண்ணுங்க. தங்கச்சிய எழுப்பி வெளிய வாங்க. பெருமாள கூப்பிட்டு இறக்கச் சொல்லுங்க."

"பெருமாளு இப்ப ஏறமாட்டாரு. செவுரு ஊறிப்போச்சு. ஏணி சாத்துனா ஏணியோட வரும்ன்றாரு. மூணு நாளு வெயிலு அடிக்கணுமாம்."

"நான்தான் தப்பு பண்ணிட்டேன். ஆவணியில தங்கச்சி அனுப்பினத நான் அப்பவே பாத்தேன் பாய்."

 மழை ஓசைக்கு மேலாக அவர் சொன்னார்.

"தெரியும் அண்ணே. நீங்க பாத்ததும் போன்ல ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சே. அப்புறம் கும்பிடு வந்துச்சு. பெரியவங்க கும்பிடு போட்டுட்டா அதுக்கு மேல என்னத்த கேக்குறது?"

அவர் குரலில் குறை இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

7

மறுநாளே புறப்பட்டேன். வசந்தி விமான நிலையம்வரை வந்தாள். "மேல போகாதீங்க பப்பா. கீழயும் நிக்காதீங்க" என்றாள். இரண்டுக்கும் தலையசைத்தேன்.

வந்து ஆறு நாட்களாகின்றன. பெய்கிறது, சற்று விடுகிறது, பெய்கிறது. பெருமாள் நாள்தோறும் குடையுடன் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார். "அன்னிக்கே சொன்னேன்" என்று ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை. "நாளைக்கு வெயிலு வரட்டும்" என்பதோடு சரி. நகராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்ப்பதாகச் சொன்னார்கள். அங்கும் ஒரு படிவம் இருந்தது. பழுது எப்போது தெரியவந்தது என்ற இடத்தில் ஆவணி என்று எழுதினேன்.

கொட்டகையைக் காலி செய்தோம். எதை அகற்றினாலும் மும்தாஜ், "மொதல்ல ரெக்சினு, அப்புறம் மிசினு, அப்புறம் இவர" என்று கணவரைக் காட்டுவாள். "நான் கடைசியா?" என்று அவர் கேட்பார். "உங்கள வாங்க ஆள் இல்ல, ரெக்சினுக்கு இருக்கு." தீபாவளி உறைகளைத் தெருக்கோடியில் ஒரு நண்பரின் கடையில் வைத்துத் தைக்கிறார்கள். ஆனால் கொட்டகைக்குப் பின்னால்தான் அவர்களுடைய சமையலறைக் கதவு. அந்த ஒரு சாண் இடைவெளியை ஒட்டித்தான் தண்ணீர்க்குழாய். நாளுக்குப் பத்து முறையேனும் அவள் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் நான் எழுந்து நிற்கிறேன். அவள் திரும்பி வந்த பிறகு உட்காருகிறேன். வேறு வேலை எனக்கு இல்லை. என் வீட்டிலிருந்து பிறரைக் காக்கும் காவற்காரனாக அமர்ந்திருக்கிறேன்.

முதல் நாள் தரையில் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது. திரையில் பார்த்தபோது அவை கோடுகளாக மட்டும் இருந்தன. நேரில், ஒவ்வொன்றின் அருகிலும் சிறிய எழுத்தில் தேதி இருந்தது. ஐந்தாவது கோட்டின் அருகே, தேதிக்குப் பதிலாக, "அண்ணன் சொன்னது" என்று எழுதியிருந்தாள். நான் தொடாதீர்கள் என்று சொன்ன வாரம் அது. குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அளவு எடுப்பவள் எதையும் விடாமல் குறித்துக்கொள்வாள். ஐந்தாவது கோட்டிலிருந்து சுவர் நகர்ந்த தூரத்தை என் கைவிரல்களால் அளந்தேன். நான்கு விரல்.

அன்றிலிருந்து நானே காலைதோறும் கோடிடுகிறேன். சாக்கட்டியை மும்தாஜ் கொடுத்தாள். "பாத்து அண்ணே, மெலிசா போடுங்க. பட்டையா போட்டா கணக்கு தப்பிடும்."

இன்று காலை மழை விட்டிருந்தது. கிழக்கே சற்று வெளிச்சமும் இருந்தது. பெருமாள் வந்து அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு அடிக்கும்போல" என்றார். எனக்கும் நம்பிக்கை வந்தது. சாக்கட்டியுடன் இடைவெளிக்குள் குனிந்தேன். ஆறு நாளும் காற்றில் சிறிதேனும் ஆடிக்கொண்டிருந்த நூல் இன்று ஆடவில்லை. அசைவற்று நின்றது. சுவர் நின்றுவிட்டது என்று எண்ணி மூச்சு விட்டேன்.

பிறகுதான் பாபினைப் பார்த்தேன். முதலில் தரைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கியது அது. இப்போது தரையில் சாய்ந்து படுத்திருந்தது. அதன் மேலே நூல் தொய்ந்து வளைந்திருந்தது. சுவர் பக்கவாட்டில் நகர்ந்தது போதாதென்று கீழேயும் இறங்கியிருக்கிறது.

கோடு போடவில்லை. வெளியே வந்தேன். மும்தாஜ் குடத்துடன் குழாயை நோக்கி வந்துகொண்டிருந்தாள். வாழ்நாளில் நான் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கத்தியதில்லை. கத்தினேன். குடம் விழுந்து உருண்டது. அவள் திரும்பி ஓடினாள். சலீம் பாய் கடையிலிருந்து ஓடிவந்தார். பெருமாள் தெருவின் இரு முனையிலும் சைக்கிள்களைக் குறுக்கே நிறுத்தினார்.

இப்போது நாங்கள் நால்வரும் எதிர்ப்புறம் இருக்கிறோம். அக்கம்பக்கத்தாரும் வெளியே வந்துவிட்டனர். வெயில் நன்றாக அடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஜாடிகள் காய்கின்றன, ஏழும் வெள்ளையாக, மிக அழகாக இருக்கின்றன. தெருமுனையிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும். காலையில் முதல் குடம் பிடித்தபோது குழாயை மூடினாளா என்பது மும்தாஜுக்கு நினைவில்லை. அங்கே தண்ணீர் சொட்டும் ஓசை கேட்கிறது.

"போய் மூடிட்டு வந்துடட்டுமா அண்ணே? ஒரு நிமிஷம்தான்."

கைகூப்பினேன். பிறகு, அது போதாது என்று உணர்ந்து, வாய்விட்டுச் சொன்னேன்.

"வேணாம் தங்கச்சி. உக்காரு."